நம்ம கப்பல் எப்போ?

நேர்மையான ஆட்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நம்முடைய சின்னச் சின்னத் திருட்டுகள் எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்துவிடும். ஆபீஸ் பிரிண்டரில் மகளின் பள்ளி புராஜெக்டை எடுப்பது, ஆபீஸ் போனில் ஊரிலிருக்கும் சித்தியோடு அரை மணி நேரம் பேசுவது, கவரும் ஸ்டேப்ளரும் வீட்டுக்குக் கொண்டுபோவது. இதையெல்லாம் நான் தப்பு என்று நினைத்ததே இல்லை, அந்தப் பெண் எங்களோடு வேலைக்குச் சேரும்வரை.

ஆபீஸ் எங்கள் தீவுகளின் தலைநகரில், ஜங்லிகாட் பகுதியில் இருந்தது. கீழே பேட்டரி கடை, மேலே இரண்டு அறை. மெயின்லேண்டிலிருந்து வரும் டூரிஸ்ட்டுகளுக்கு ஓட்டல், கார், படகு டிக்கெட் எல்லாம் ஏற்பாடு செய்துகொடுக்கும் டிராவல்ஸ். முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக்காரர். இங்கே வந்து இருபத்தைந்து வருடமாகிவிட்டதால் தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தை இந்தியில் முடிப்பார். கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழ். நான் கவுண்டரைப் பார்த்துக்கொண்டேன். வருகிறவர்களிடம் சிரிக்க வேண்டும், ஹேவ்லாக் தீவில் மழை பெய்யாது என்று பொய் சொல்ல வேண்டும். இரண்டும் எனக்கு நன்றாக வந்தது.

அவள் ஆன்லைன் வேலைக்கு வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பிறந்தது கச்சால் தீவில். இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்று. "புரியுதா" என்று நாம் கேட்கிற இடத்தில் அவள் "விளங்குதா" என்பாள். முதல் வாரம் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்தேன். இரண்டாவது மாதம் என் மகள் என்னிடம், "ஏம்மா எப்பப் பார்த்தாலும் விளங்குதா விளங்குதாங்கிறே?" என்று கேட்டாள்.

வேலைக்கு வரும்போதே அவளுக்கு நெட்டில் ஒரு பேஜ் இருந்தது. 'நம்ம கப்பல் எப்போ?' என்று பெயர். தினமும் மாலை ஆறு மணிக்கு அதில் ஒரு செய்தி போடுவாள். மறுநாள் எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு, கடல் எப்படி இருக்கிறது, கவுண்டர் எப்போது திறக்கும், எது ரத்து. முதலில் தமிழில், அதற்குக் கீழே நம் தீவு இந்தியில். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'உறுதி' அல்லது 'உறுதியில்லை' என்று ஒரு சொல் இருக்கும். கப்பல் கிளம்பும் ஜெட்டியில் யாரோ சொன்னதை அவள் ஒருநாளும் 'உறுதி' என்று போட்டதில்லை. மதிய உணவு இடைவேளையில் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, தன் சொந்த போனில், ஒவ்வொரு தீவிலும் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஐந்தரைக்கு ஆபீஸ் முடிந்ததும் ஜெட்டி கவுண்டருக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே சுவரோரம் நின்று டைப் செய்வாள்.

பஸ்ஸில், மீன் மார்க்கெட்டில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது அந்த பேஜைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நெட்டே சரியாக வராத காலத்தில் ஆரம்பித்ததாம். ஏன் ஆரம்பித்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் இங்க காலேஜ் படிக்கும்போது அப்பா தவறிட்டாருங்க அக்கா. கப்பல் சாயந்தரம்னு சொன்னாங்க. பையைத் தூக்கிட்டுப் போறேன், கப்பல் மத்தியானமே போயிருச்சு. நேரத்தை மாத்தி கவுண்டர் கண்ணாடில ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க. அடுத்த கப்பல் அஞ்சு நாளைக்கப்புறம்."

இதை ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே சொன்னாள். உரித்து முடித்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

முதலாளிக்கு அந்த பேஜைப் பற்றித் தெரியும். தெரிந்துதான் வேலைக்கு எடுத்தார். வருகிற டூரிஸ்ட்டுகளிடம், "நம்ம ஆபீஸ் பொண்ணுதான் அது" என்று பெருமையாகச் சொல்வார். அவள் சேர்ந்த நாளிலேயே, அந்த பேஜ் தன்னுடையது, ஆபீஸ் விளம்பரம் எதுவும் அதில் வராது என்று அவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் தலையை ஆட்டியிருந்தார். நம் முதலாளிகள் தலையை ஆட்டுவதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பிரச்சினை ஒரு மழைக்காலத்தில் வந்தது. மதியம் மூன்று மணிக்கு அவளுக்கு ஜெட்டியிலிருந்து போன். கடல் மோசம், மறுநாள் ஹேவ்லாக் படகுகள் எல்லாம் ரத்து. முதலாளி அதைக் கேட்டதும் கணக்குப் போட்டுவிட்டார். அதற்கு அடுத்த நாள் படகில் மீதியிருக்கிற சீட்டை எல்லாம் நம் டூரிஸ்ட்டுகளுக்குப் பிடித்துவிட வேண்டும். ஊருக்குத் தெரிந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள்.

"இன்னிக்கு பேஜ்ல போடாத. காலைல போட்டுக்கலாம்" என்றார்.

"சார், நம்ம கஸ்டமருக்கு ஆபீஸ் நம்பர்ல இருந்து இப்பவே சொல்லிர்றேன். பேஜ்ல ஆறு மணிக்குப் போட்டுருவேன்."

"பேஜும் ஆபீஸ்தானேம்மா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் நடந்தது. குரலை உயர்த்தவில்லை, முறைக்கவில்லை. ஒரு 'இல்ல சார்'. நான் அந்த ஆபீஸில் ஒன்பது வருடம் இருந்தேன். அந்த இரண்டு சொல்லைச் சேர்த்து ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு பேஜில் செய்தி வந்தது. ரத்து, உறுதி.

மறுநாள் காலை அவள் வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். முழுக்கத் தமிழில் பேசினார். "இனிமே எங்க ஆபீஸ்ல உனக்கு வேலை கிடையாது. கிளம்பு."

"ஒரு மணி நேரம் குடுங்க சார். எல்லாத்தையும் எழுதி ஒப்படைச்சிர்றேன்."

"ஒண்ணும் வேணாம். இப்பவே கிளம்பு."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து தன் சொந்த மெயிலிலிருந்தும் பேஜிலிருந்தும் லாக் அவுட் செய்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். என்னிடம், "வர்றேங்க அக்கா" என்றாள். நான் ரசீது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ரசீது புத்தகம் என் கண்ணில் குத்துகிறது.

மத்தியானம்தான் முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. அந்த பேஜைப் படிக்க முடிந்தது, அதில் எழுதப் போனால் அவர் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. கம்ப்யூட்டர் தன்னுடையது, அதனால் அதற்குள் தெரிகிற எல்லாமே தன்னுடையது என்றுதான் அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்தார். "திருடிட்டுப் போயிட்டா" என்றார். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கீழே பேட்டரி கடைவரைக்கும் போய்ச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் பேசு. நீ சொன்னா கேப்பா. பாஸ்வேர்டை வாங்கிட்டு வா."

போனேன். வேறென்ன செய்வது? மகள் காலேஜ் சேர வேண்டிய வருடம். ஆபீஸ் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சிப்பிகாட் பஸ் ஏறினேன். ஆபீஸ் போன் எப்போதும் என்னிடம்தான் இருக்கும், கஸ்டமர் எந்நேரமும் கூப்பிடுவார்கள்.

சிப்பிகாட்டில் விவசாயப் பண்ணை தாண்டி, பாக்குத் தோட்டத்துக்கு நடுவில் ஒரே அறை கொண்ட வாடகை வீடு. வழியில் பழைய வயல்களில் கடல்தண்ணீர் நின்றது, அதில் பட்ட மரங்கள். சுனாமியில் ஏறிய தண்ணீர், அப்படியே தங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்ததும் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. டீ போட்டாள். ஒரு நோட்டையும் பென்டிரைவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நானே நாளைக்குக் கொண்டுவரலாம்னு இருந்தேன். உள்ள விடுவாரோ மாட்டாரோன்னு யோசனை. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

நோட்டைத் திறந்தேன். கோடு போட்ட நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. ஆபீஸ் சம்பந்தப்பட்ட எல்லா பாஸ்வேர்டும் இருந்தது. ஓட்டல்காரர்கள் யார் யார், யார் போனை எடுப்பார்கள், யார் எடுக்க மாட்டார்கள் என்று இருந்தது. பாதியில் நின்ற புக்கிங் எது எது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாக இருந்தது. அவளுடைய சொந்த போனுக்கு வந்துகொண்டிருந்த கஸ்டமர்களுக்கு, 'நான் இப்போது அங்கே இல்லை, இந்த ஆபீஸ் எண்ணில் கேளுங்கள்' என்று செய்தி அனுப்பிவிட்டு, அவர்கள் எண்களைத் தன் போனிலிருந்து அழித்திருந்தாள். அழித்த எண்களின் பட்டியலும் நோட்டில் இருந்தது. அவளைத் திருடி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஆளுக்காக இவள் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறாள். 

"பென்டிரைவ்ல என்ன?"

"போட்டோங்க அக்கா. ஆபீஸ் டிரிப்ல எடுத்தது எல்லாம். சம்பளம் வாங்கிட்டு எடுத்ததுதானே? அது ஆபீஸுக்கு."

அவள் பேஜின் முகப்பில் ஒரு படம் இருக்கும். மழையில் நனைந்துகொண்டே கிளம்புகிற கப்பலின் முன்பக்கம், கம்பியைப் பிடித்தபடி ஒரு கை. அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். போனைத் திறந்து பார்த்தேன். அது இல்லை. அந்த இடத்தில் கசங்கிய டிக்கெட் ஒன்றின் படம் இருந்தது.

"அதுவும் ஆபீஸ் டிரிப்ல எடுத்ததுங்க அக்கா" என்றாள். முதல்முறையாக அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி. பேஜ்?"

"பேஜ் தர மாட்டேன். அது இந்த வேலைக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே இருந்துச்சு. அதை அவர்கிட்ட குடுத்தா, கப்பல் இல்லாத அன்னிக்கு இல்லைன்னு வராது. யாரோ ஒருத்தி பையைத் தூக்கிட்டுப் போய் ஜெட்டில நிப்பா. விளங்குதுங்களா?"

விளங்கியது. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. ஒருமுறை ஜெட்டியில் அவள் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. புது சிம் வர நாளாகும் என்று, பேஜின் பாதுகாப்பு எண்ணாக ஆபீஸ் போன் நம்பரைக் கொடுத்திருந்தாள். பிறகு மாற்ற மறந்துவிட்டாள். இப்போது மாற்ற வேண்டுமென்றால் ஓடிபி ஆபீஸ் போனுக்குத்தான் வரும். அந்த ஆபீஸ் போன் யார் கையில் இருக்கிறதோ அவர் நினைத்தால், பாஸ்வேர்ட் இல்லாமலேயே பேஜை எடுத்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் போன் என் கைப்பையில் இருந்தது. நான் அதை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"மாத்து. இப்பவே மாத்து. நம்பர் வந்ததும் நான் படிக்கிறேன்."

"வேணாங்க அக்கா. இது ஆபீஸ் போன். அவருக்குத் தெரியாம அதுல வர்றதை நான் எடுக்கக் கூடாது. அவர்கிட்டயே கேட்டு மாத்திக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அவருக்குத் தெரிஞ்சா நீ அவ்வளவுதான்!" என்று கத்தினேன். அவள் நோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் தேடிக்கொண்டிருந்தாள், மழையில் நனையக் கூடாதென்று.

திரும்பும்போது பஸ்ஸில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளே அவளுடைய பேஜ் இருந்தது என்றே சொல்லலாம். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு நல்ல பெயர், சம்பள உயர்வுகூடக் கிடைக்கலாம். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். டெய்ரி ஃபார்ம் ஸ்டாப் வரும்வரை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் கவர் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

முதலாளி நோட்டைப் புரட்டினார். பேஜின் பாஸ்வேர்ட் இல்லை என்றதும் மூடினார். விஷயத்தை வியாபாரிகள் சங்கத்துக்குக் கொண்டுபோனார். சங்கத் தலைவர் வங்காளி, ஜங்லிகாட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். எல்லோரும் தாதா என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அது அண்ணன். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வரும் நம் ஆட்கள் அதைக் கேட்டு ரவுடி என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். பாவம், அவர் ஈயைக்கூட விரட்ட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு மேலே சங்க அறையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். தாதா, முதலாளி, அவள், நான். எல்லோருக்கும் பொதுவாக இந்தியில்தான் பேச்சு.

முதலாளி ஆரம்பித்தார். என் ஆபீஸ், என் கம்ப்யூட்டர், என் சம்பளம். என் ஆபீஸில் உட்கார்ந்து போட்டதெல்லாம் எனக்குத்தான். தாதா அவளைப் பார்த்தார்.

அவள், "பதினோரு தடவை" என்றாள். மழையில் தன் போனுக்கு நெட்வொர்க் கிடைக்காத பதினோரு நாள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து செய்தி போட்டிருக்கிறாளாம். எந்தெந்த நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அவளாகவே எடுத்து நீட்டினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"சுனா?" என்று முதலாளி துள்ளினார். கேட்டீர்களா, அவளே ஒப்புக்கொள்கிறாள் என்பது போல. பிறகு தன் போனில் அந்த பேஜைத் திறந்து தாதாவிடம் காட்டினார். பேஜ் பெயருக்குக் கீழே அதே கேள்வி இந்தியில் 'ஹமாரா ஜஹாஜ் கப்?' என்று இருந்தது. "தேக்கோ தாதா. ஹமாரா! இவ கைப்பட எழுதினது. ஹமாரான்னா கம்பெனியோடது. தனக்குச் சொந்தம்னா மேரா, என்னோடதுன்னுதானே எழுதியிருப்பா?"

தாதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஹமாரா என்றுதான் இருந்தது. "பாத் தோ சஹி ஹை" என்று இழுத்தார். நியாயமாகத்தான் படுகிறது என்றார். 

அவள் முதலாளியைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "சார், மேல தமிழ்ல என்ன போட்டிருக்கு?"

"நம்ம கப்பல் எப்போ."

"எங்க கப்பல்னு இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். எங்கன்னா நீங்க தனி, கேக்குறவங்க தனி. நம்மன்னா கேக்குறவங்களும் சேர்த்தி. இந்தில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?"

முதலாளி விடவில்லை. "கடைக்காரன்கூடத்தான் நம்ம கடைக்கு வாங்கன்னு சொல்றான். அதுக்காக வர்றவனுக்கெல்லாம் கடை சொந்தமா?"

சரியான அடி என்று நினைத்தேன். நாம் எல்லோரும் அப்படிச் சொல்கிறவர்கள்தானே? அவளும் அதை மறுக்கவில்லை.

"கூப்பிடும்போது நம்மன்னு சொல்வோம் சார். நீங்களும் என்னைய ரெண்டு வருஷமா நம்ம ஆபீஸ் பொண்ணுன்னுதான் சொன்னீங்க. வெளிய போன்னு சொன்ன அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

 எனக்கு ஞாபகம் இருந்தது. எங்க ஆபீஸ்ல உனக்கு வேலை கிடையாது. முந்தின நாள்வரை நம்ம ஆபீஸ்தான். அவளை அனுப்பவேண்டி வந்ததும், யோசிக்காமலே அவர் நாக்கு எங்கவுக்கு மாறியிருந்தது. நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருடம் தமிழ் பேசுகிறேன், எனக்கு உறைக்கவில்லை.

"நான் நாலு வருஷமா தினமும் அதுல எழுதுறேன் சார். ஒருநாள்கூட எங்கன்னு எழுதினதில்ல" என்றாள்.

தாதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "க்யா போல் ரஹே ஹை(ன்) யே லோக்?" இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்கிறார். முதலாளியும் என்னைப் பார்த்தார். எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

சொன்னேன். "தாதா, தமிழ் மே ஹமாரா தோ ஹை. ஏக் ஹமாரா மே ஆப் பீ ஹை(ன்). தூஸ்ரே மே ஆப் நஹீ(ன்) ஹை(ன்)." தமிழில் நம்முடையது இரண்டு வகை. ஒன்றில் நீங்களும் இருக்கிறீர்கள், இன்னொன்றில் நீங்கள் இல்லை.

தாதாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இஸ் பேஜ் வாலே மே மை(ன்) ஹூ(ன்)?" என்று கேட்டார். இந்த பேஜில் இருப்பதில் நான் உண்டா?

"நீங்களும் உண்டு தாதா" என்று அவள் இந்தியில் சொன்னாள். "தினமும் படிக்கிறீங்களே."

படிக்கிறவர்தான். அவர் மகளை நீல் தீவில் கட்டிக்கொடுத்திருந்தார். முதலாளியிடம் திரும்பி, பதினோரு நாள் உங்கள் கம்ப்யூட்டரையும் கரண்டையும் பயன்படுத்தியதற்கு அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கட்டும், பேஜ் அவளிடமே இருக்கட்டும் என்றார். அவள் உடனே எழுந்து மன்னிப்புக் கேட்டாள், மனதாரக் கேட்டாள். கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதானே? உட்காரவில்லை.

"சார், இன்னொண்ணு இருக்கு. பேஜோட பாதுகாப்பு நம்பர் ஆபீஸ் போன் நம்பரா இருக்கு. மாத்தணும். இப்ப மாத்தினா ஓடிபி உங்க போனுக்கு வரும். நீங்க சரின்னு சொன்னா அனுப்புறேன்."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் தன்னிடமே சாவி இருந்தது என்று தெரிந்ததும், தாதா என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்குக் காற்றில் போய்விட்டது. தாதா, "ஹா(ன்) ஹா(ன்), பேஜோ", அனுப்பு அனுப்பு என்று கையை ஆட்டினார்.  முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு தன் போனில் அழுத்தினாள். இந்தத் தலையாட்டலுக்குப் பொருள் இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"அதை என்கிட்ட குடு" என்றார் முதலாளி. கையை நீட்டினார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முழுக்கத் தமிழ்.

நான் போனை எடுத்தேன். ஆறு எண்கள். அவர் கையில் கொடுத்தால் அவர் அதை அழிப்பார், போனைப் பூட்டி வைப்பார், சாயந்தரமே கம்ப்யூட்டர் தெரிந்த யாரையாவது கூட்டிவந்து பேஜை எடுத்துக்கொள்வார். நான் துணிச்சல்காரி இல்லை. கண்ணாடி போடாததால் எழுத்தும் கலங்கித் தெரிந்தது. ஆனால் பதினோரு தடவை என்று தாளை நீட்டிய அந்தக் கை என் கண் முன்னாலேயே இருந்தது. நான் எழுந்து நின்று, ஒவ்வொரு எண்ணாக, உரக்க, இந்தியில் படித்தேன். தாதாவுக்கும் கேட்கட்டும் என்று இந்தியில். கீழே கடையில் ஆணி வாங்க வந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவள் டைப் செய்தாள். "ஆயிருச்சுங்க" என்றாள்.

என்னை அப்போதே அனுப்பவில்லை. படி இறங்கும்போது முதலாளி, "நாளைலேர்ந்து நீயும் எங்க ஆபீஸுக்கு வர வேணாம்" என்றார். எங்க. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. வீட்டுக்குப் போய்தான் அழுதேன், நிறையவே அழுதேன்.

திங்கட்கிழமை உட்கார்ந்து நானும் ஒரு நோட்டு எழுதினேன். ஒன்பது வருடத்தில் என் சொந்த மெயிலில் ஆபீஸ் சமாசாரம் எவ்வளவு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் மகளின் மார்க் ஷீட்டும் என் அப்பாவின் பென்ஷன் தாளும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபோதுதான், எது யாருடையது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது புரிந்தது. அவளுடைய நோட்டு போல அழகாக வரவில்லை. நடுவில் இரண்டு பக்கம் கிறுக்கல். ஸ்டேப்ளரையும் கூடவே வைத்துக் கொடுத்தனுப்பினேன். பிறகு டெய்ரி ஃபார்மில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. பக்கத்துச் சந்துதான் வீடு. அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஆறு மணிச் செய்தி ஒருநாளும் நிற்கவில்லை. அந்தச் சண்டையைப் பற்றி அவள் பேஜில் ஒரு வரி எழுதியதில்லை. முதலாளி பெயரைக் கெடுத்துப் பத்துப் பேரிடம் பேசினவள் நான்தான். அவள் கேட்டால், "விடுங்க அக்கா" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், ரங்கத் போகும் என் தங்கைக்கு டிக்கெட் எடுக்க பீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போயிருந்தேன். அன்றைய படகு ரத்து, ஒரே கூட்டம். எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி முதலாளி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரங்கத்தில் அந்த அம்மாவின் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லையாம், பேச்சிலிருந்து தெரிந்தது. "நாளைக்காவது போகுமா?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

முதலாளி போனைப் பார்த்தார். "போகும், அழாத. நம்ம பேஜ்ல போட்டிருக்கு. இன்னிக்கு ரத்துன்னதுமே போட்டுட்டாங்க, நாளைக் காலைல ஆறு மணிக்கு. உறுதின்னு போட்டிருக்கு."

நான் வரிசையிலிருந்து விலகிப் போய் அவளைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கச் சொன்னேன், அப்படியே அவர் சொன்ன மாதிரியே.

"எங்க பேஜ்னு சொல்லலையே?" என்றாள்.

"இல்லடி. நம்ம பேஜ்ல."

"அப்பச் சரி."  அந்த அம்மாவைப் பற்றித்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு கேட்டாள். "அக்கா, நீங்க கவுண்டர் பக்கத்துலதானே இருக்கீங்க? நாளை ரங்கத் படகுக்கு இன்னும் டிக்கெட் குடுக்குறாங்களா, முடிஞ்சிருச்சா? நேர்ல பார்த்துச் சொல்லுங்க. ஆறு மணிச் செய்தில அதையும் போடணும்."

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன்.